அக்கா ஏன் ஓடவில்லை

அக்கா ஏன் ஓடவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். குளவி கலைந்த அன்று கிழவிகள்கூட ஓடித் தப்பினார்கள். முழங்கால் வாதத்தில் நொண்டுகிற ஒருத்தி மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் உருண்டு விழுந்து தப்பினாள். நாற்பதைத் தொடாத அக்கா மட்டும் தேயிலை நிரை நடுவில் குந்திவிட்டாள்.

அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், எங்களுடையதற்குக் கீழ் லயத்தில் குடியிருந்தவள். சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடம் தவறிய வருஷம் நான் கொழுந்து எடுக்கப் போனேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸேறிப் பாதி வழியில் இறங்கி, அப்புறம் நடந்து ஏற வேண்டிய தோட்டம் எங்களுடையது. முதல் நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி என்னை அக்காவின் பக்கத்து நிரையில் நிறுத்தினார். அன்றிலிருந்து அவள் சாகும்வரை என் வலது பக்கம் அவள்தான்.

கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, செடியைப் பார்க்காமலே விரல்கள் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் வீசிக்கொண்டிருக்கும். ஆனால் நடை மட்டும் மெதுவாகத்தான். படிக்கட்டு இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்த படிக்குப் போவாள். கூடையைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். காலையில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால் வேலை முடிந்து வீடு வரும்வரை தண்ணீர் தொடமாட்டாள்.

"என்னாம்மா, தேர் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்ற?" என்பார் கங்காணி.

"தேருன்னா வடம் புடிக்க ஆளு வேணும் கங்காணி. நீங்க வர்றீங்களா?"

மலையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் நானும் பல மாதம் ஏமாந்துதான் இருந்தேன்.

மலையில் கக்கூஸ் கிடையாது. அவசரம் என்றால் செடிகளுக்கு நடுவே ஒதுங்க வேண்டும். ஒருத்தி ஒதுங்கும்போது இன்னொருத்தி தன் படங்கை அவிழ்த்து விரித்துப் பிடிப்பாள். செடி கீறாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த ரப்பர் விரிப்புத்தான் படங்கு. மழைக்கும் அதுதான், மறைப்புக்கும் அதுதான். ஒரு அடைமழை மாதத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் படங்கைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். மழை கொட்டுகிறது. காலில் அட்டை ஏறுகிறது. அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம்.

"அக்கா, என்னாச்சு? அட்டை கடிச்சிருச்சா?"

"திரும்பாத புள்ள."

திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். மழைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"அடி எறங்கிருச்சு."

எனக்குப் புரியவில்லை.

"கர்ப்பப்பை புள்ள. கீழ வந்துரும். கையால உள்ள தள்ளித் துணி வச்சுக் கட்டிக்கிருவேன். இன்னைக்கு என்னான்னு தெரியல, போக மாட்டேங்குது."

கடைசிப் பிள்ளை பிறந்து உடம்பு தேறுவதற்குள் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலையேறியவள் அவள். ஒரு நாள் சறுக்கலில் கூடையோடு முழங்காலிட்டு விழுந்திருக்கிறாள். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்ததாம். அன்று தொடங்கியது. இதை அவள் என்னிடம் சொன்னபோது கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அத்தனை வருஷமும் அவள் இதைச் சுமந்துகொண்டுதான் என் பக்கத்தில் சிரித்திருக்கிறாள்.

"டாக்டருகிட்ட போகலயா?"

"போனேனே. டவுனு ஆஸ்பத்திரிக்கு. ஆம்பள டாக்டரு. பக்கத்துல நேர்ஸ் சிங்களத்துல கேக்குது. எனக்கும் சிங்களம் தெரியுந்தான், கடையில சாமான் வாங்குற சிங்களம். இதுக்கு என்னா வார்த்தைன்னு தெரியல. தமிழ்லயே எனக்கு வாயில வராது. தலைவலின்னு சொல்லிட்டேன். மாத்திரை குடுத்தாங்க. வாங்கிட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போதும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிறாத. எம் புருசனுக்கே சரியாத் தெரியாது" என்றாள்.

சொல்லவில்லை. அன்றிலிருந்து நிறுவைக்கு இறங்கும்போது அவள் கூடையிலிருந்து கொஞ்சம் கொழுந்தை அள்ளி என் கூடையில் போட்டுக்கொள்வேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே யாரும் பார்க்காமல் திருப்பிப் போட்டுவிடுவேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு அவளே கூடையைச் சாய்த்துக் கொடுப்பாள். அவளுடைய பெரிய மகளுக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். லீவு நாளில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். "எங்கம்மாவையும் உங்களையும் கங்காணி ரெட்டைமாடுங்கிறாரு சித்தி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கிளினிக்குக்கு என்னோடு வரும்படி அக்காவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "நான் சொல்றேன் அக்கா. நீங்க சும்மா நின்னா போதும்" என்றேன். கடைசியில் மாரியம்மன் திருவிழா முடிந்ததும் போவதாக ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட மறு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய்ப் புது உள்பாவாடை ஒன்று வாங்கி வந்து எனக்குக் காட்டினாள். இளநீலம்.

"எதுக்கு அக்கா?"

"டாக்டருக்கு முன்னால கிழிஞ்ச பாவாடையோட படுக்க முடியுமா? நாலு பேரு பாக்குற எடம்."

திருவிழாவுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது குளவி கலைந்தது.

எங்கள் மலையின் மேல் எல்லையில் ஒரு துண்டு நிலத்தைத் தோட்டம் கைவிட்டுப் பல வருஷம். தேயிலை மரமாகி, கொடி ஏறி, காடாகக் கிடந்தது. அங்கே சவுக்கு மரத்தில் குளவி கூடு கட்டியிருப்பதைப் பெண்கள் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். கங்காணி தனக்கு மேலே மலையைப் பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னார். கண்டாக்கையா தோட்டத்து மேலாளரான துரையிடம் சொன்னதாகச் சொன்னார். கூடு அப்படியே இருந்தது. எங்களையும் அதன் கீழேயே விட்டார்கள். கழுகு கொத்தியதோ, காற்றில் கிளை முறிந்ததோ, எதனால் கலைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

காலையில் மூடிக்கிடந்த பனி விலகி வெயில் வந்திருந்தது. நனைந்த செடியெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேலே ஒரு இரைச்சல் கேட்டது. கொழுந்து லொறி இன்றைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று நினைத்தேன். அதற்குள் மேல் நிரையில் ஒருத்தி கத்தினாள்: "குளவி! ஓடுங்க!"

கூடைகள் உருண்டன. எல்லோரும் றோட்டைப் பார்த்துச் சரிவில் பாய்ந்தார்கள். நானும் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள். கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு அவள் கை என் கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தால், இரண்டு தொடையையும் இறுக்கிக்கொண்டு, ஒரு கையை அடிவயிற்றில் அழுத்தியபடி செடிக்குக் கீழே குந்தியிருக்கிறாள்.

"எந்திரிங்க அக்கா!"

"வெளிய வந்துருச்சு புள்ள. முடியல. நீ போ."

முகத்தில் முதல் கொட்டு நெருப்பு மாதிரி விழுந்தது. என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை. என் படங்கை அவள் தலைக்கு மேல் போட்டு நானும் அதற்குள் புகுந்துகொண்டேன். உள்ளே இருட்டு. நனைந்த ரப்பர் நாற்றம். வெளியே அந்த இரைச்சல். அது காதில் கேட்கிற சத்தமாக இல்லை. பல்லுக்குள்ளும் எலும்புக்குள்ளும் அதிர்ந்தது. இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அக்காவின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பெயர் குழறிப்போனது.

ஆண்கள் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு ஏறி வந்ததாகப் பின்னால் சொன்னார்கள். எனக்கு அடுத்து நினைவிருப்பது லொறி. கொழுந்துச் சாக்குகளின் மேல் எங்களைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ ஒருத்தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். யாரோ அவனைத் திட்டினார்கள். பக்கத்தில் அக்கா. முகம் அக்காவின் முகமாக இல்லை. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியாத வீக்கம். ஆனால் அவள் கை முகத்துக்குப் போகவில்லை. லொறி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அடிவயிற்றில்தான் இறுகியது. பாதி வழியில் அந்தக் கை தளர்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தளர்ந்ததென்றால் வலி குறைந்துவிட்டது என்று நினைத்து, மனதுக்குள் நிம்மதிகூடப் பட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் வீக்கம் வடியச் சில நாள் ஆனது. அக்கா போய்விட்டாள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு இளம் சிங்கள நேர்ஸ் மருந்து கொடுக்க வந்தவள், கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்தாள். அக்காவைத் துடைத்துச் சுத்தம் பண்ணியது அவள்தானாம். குரலைத் தாழ்த்தி, தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டி, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டாள்.

"கொடக் கல், மிஸ்" என்றேன். ரொம்பக் காலம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "சனீப கரன்ன திபுணானே, நங்கி" என்றாள்.

சுகமாக்கியிருக்கலாமே, தங்கச்சி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இந்த ஒரு வாக்கியம்தான் இன்றைக்கும் எந்த நேரத்திலும் தானாகக் காதுக்குள் வருகிறது.

நான் வீடு திரும்பும்போது அடக்கம் முடிந்திருந்தது. பெட்டியில் வைக்க நல்ல துணி தேடிய மகள், அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த அந்த இளநீலப் பாவாடையைக் கண்டெடுத்து அம்மாவுக்குக் கட்டிவிட்டிருக்கிறாள். "எதுக்கு வாங்குனாங்கன்னே தெரியல சித்தி. திருவிழாவுக்குப் போல" என்றாள். 

அதன் பிறகுதான் பேச்சு கிளம்பியது. ஓடச் சொல்லியும் அவள் ஓடவில்லை என்று தோட்டத்து ஆபீஸ் பக்கம் சொன்னார்கள். மற்றவர்களெல்லாம் தப்பவில்லையா என்றார்கள். பயத்தில் உறைந்துவிட்டாள் என்றார் கங்காணி. லயத்துப் பெண்கள் வேறு மாதிரி சொன்னார்கள். அந்த மேல் எல்லையில் ஒரு முனி இருக்கிறது, அதுதான் அவள் காலைப் பிடித்துவிட்டது என்றார்கள். உச்சிவேளையில் பனி இறங்கினால் அந்த நிரையில் ஒரு கூடை மட்டும் மெதுவாக அசைந்து போகிறதாம். ஒருத்தி பார்த்தாள். அப்புறம் இன்னொருத்தியும் பார்த்தாள். கங்காணி எலுமிச்சம்பழம் வெட்டிக் கற்பூரம் கொளுத்தினார். அக்காவின் நிரைக்குப் புதிதாக விட்ட பெண் அழுதுகொண்டு இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச காலம் அந்த நிரை எடுப்பாரில்லாமல் வளர்ந்து நின்றது.

நான் கூடையைப் பார்க்கவில்லை. ஆனால் மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து என் வலது பக்கம் யாரோ இருந்தார்கள். செடி விலகும் சத்தம் கேட்கும். மூச்சைப் பிடித்து விடும் சத்தம் கேட்கும். நிறுவைக்கு இறங்கும்போது என் கை தானாக வலது பக்கம் நீளும், கொழுந்து அள்ள. பக்டரியில் இலை வாட்டும் பெரிய காற்றாடிகள் குளவி மாதிரி இரையத் தொடங்கினால் அந்தப் பக்கம் என்னால் நடக்க முடியவில்லை. ரப்பர் நாற்றம் தாங்காமல் படங்கைக் கட்டுவதையே விட்டேன். பழைய சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் இடம். எங்கள் லயத்துப் பெண்களின் பேச்செல்லாம் அங்கேதான். என் அம்மாவும் இருந்தார். அவர் கொழுந்து வேலையிலிருந்து நின்று அப்போது கொஞ்ச காலம்தான். அக்காவின் மகள் குடத்தோடு வந்தாள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அவள் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சித்தி, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. எங்கம்மாவ முனி புடிச்சிருச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரிடமும் சொல்லாதே என்று மழைக்குள்ளிருந்து கேட்ட குரல் என் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முனி என்று எப்படிச் சொல்வது?

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "உங்கம்மாவுக்கு அடி எறங்கியிருந்துச்சு. கடைசித் தம்பி பொறந்ததிலேருந்து. அதனாலதான் ஓட முடியல. பயந்தெல்லாம் உக்காரல."

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.  மகள் புரிந்தும் புரியாமலும் நின்றாள். பிறகு, எங்கள் லயத்தின் கடைசி வீடான தொங்கல் வீட்டுக்காரி, எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள், கையிலிருந்த சட்டையைக் கல்லில் வைத்தாள்.

"எனக்கும் இருக்கு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பக்கத்துக் கல்லில் துவைத்த இன்னொருத்தி, "அது எல்லாத்துக்கும் வர்றது இல்லயா? வயசானா வர்றதுன்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவைத்துக்கொண்டிருந்த என் அம்மா திரும்பவே இல்லை. பிழிந்த துணியை மறுபடி மறுபடி பிழிந்தார்.

"அம்மா?" என்றேன்.

"நீ பொறந்ததிலேருந்து" என்றார்.

ஒரே அறையான லயத்துக் காம்பராவில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அம்மா குந்தி எழும்போது சுவரைப் பிடிப்பதும், கோயிலுக்கு வராமல் சாக்குச் சொல்வதும், இருமும்போது ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வதும் அவருடைய குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம், தாய்மாரைப் பார்க்கத் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் நான் போய்ச் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்துப் பெண், கண்டிப்பானவள். முதலில், "இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கோபப்பட்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கேட்கிற மாதிரி நானும் கேட்கேல்லைப் போல" என்றாள். பெண் டாக்டர் வரும் நாள் பார்த்துக் கிளினிக்கில் சொல்லிவைத்து, தானே கூட வருவதாகவும் சொன்னாள்.

லயத்தில் கலியாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். எல்லோரும் நல்ல சேலை. பஸ்ஸில் தொங்கல் வீட்டுக்காரி, "பொண்ணு மாப்பிள்ள யாருன்னு கேட்டா என்னா சொல்றது?" என்றாள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்தால் சிறுநீர் சொட்டும் என்று முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து அடக்கிக்கொண்டு சிரித்தாள். போகும் வழியெல்லாம் எனக்குப் பக்கத்தில் இருந்த சீட்டு காலியாகவே வந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

தொங்கல் வீட்டுக்காரிக்கு ஒப்பரேஷன் ஆனது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வளையம் வைத்துவிட்டார்கள். கிளினிக்கிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தபோது அம்மா எனக்கு முன்னால் போனார். அவர் எனக்கு முன்னால் நடந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாமே சரியாகிவிடவில்லை. எங்களோடு வர மறுத்த ஒருத்தி இன்றும் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒப்பரேஷன் செய்தவளும் ஓய்வு முடிந்ததும் அதே மலைக்கு, அதே கூடையோடுதான் போனாள். மலையில் இன்னும் கக்கூஸ் இல்லை. கூடு இருந்த மரத்தை மட்டும் வெட்டினார்கள். மேல் எல்லைக் காடு அப்படியே இருக்கிறது.

அக்காவின் மகள் கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போய், அங்கேயே கலியாணமும் செய்துகொண்டாள். போன வருஷம் திருவிழாவுக்கு வந்தாள். முதல் பிள்ளை உண்டாகியிருக்கும் போலிருக்கிறது என்று வெட்கத்தோடு சொன்னாள். பிறகு, "அந்த எடத்த ஒருக்கா காட்டுங்க சித்தி" என்றாள்.

"இந்த நேரத்துல அங்க எதுக்குடி?"

"நான் பாத்ததே இல்ல."

வெயில் இருக்கும்போதே ஏறினோம். மேல் நிரையில், அக்கா குந்திய செடியைக் காட்டினேன். அவள் அதன் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "மத்தவங்கல்லாம் எங்கன போய்த் தப்புனாங்க?" என்று கேட்டாள். கீழே றோட்டைக் காட்டினேன். அவள் சட்டென்று பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடத் தொடங்கினாள்.

"அடியே, வயித்துல புள்ள! ஓடாத!"

நான் கத்தி முடிப்பதற்குள் றோட்டில் நின்றாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மேலே என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா சித்தி?"

 றோட்டுக்குக் கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் அவள் கால் மறைந்தது, அப்புறம் அவளும். பனிக்குள்ளிருந்து மறுபடி, "இவ்ளோ தூரந்தானா?" என்று கேட்டது. அவள் அம்மாவின் குரல் அச்சாக அப்படித்தான் இருக்கும். நான் செடிகளைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இறங்கினேன். வலது பக்கம் செடி விலகும் சத்தம் கூடவே வந்தது. றோட்டுக்கு வரும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.